முன் படியில் ஒரு தேன்சிட்டு

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே ஒரு செம்பருத்திச் செடியைப் பார்த்து, "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று அதட்டக்கூடிய மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் சென்னையில் எல்லா மாதிரி ஆட்களும் இருக்கிறார்கள் என்று கேள்வி. அதனால் மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

திருக்கோகர்ணத்தில் அவருக்குப் பெயர் கண்டக்டர். ரேஷன் கார்டில் வேறு ஏதோ இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி கூரியர் தம்பி விசாரித்தால் தெருவே உதட்டைப் பிதுக்கும். அவர் மனைவியே மாடியிலிருந்து, "ஏங்க, கண்டக்டர் அங்கிட்டு நிக்கிறாரா? சோறு ஆறுது, வரச் சொல்லுங்க" என்றுதான் எங்களிடம் கேட்பார்.

பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று பையைத் திருப்பிக் கொடுத்தார். விசிலைக் கொடுக்க மறந்துவிட்டார். அது இன்றும் அவர் சட்டைப் பையில் இருக்கிறது. மாடியில் மனைவி தண்ணீர் மோட்டாரைப் போட வேண்டுமென்றால் இரண்டு விசில், நிறுத்த வேண்டுமென்றால் ஒரு விசில். இதில் என்ன சங்கடம் என்றால், அவர் மோட்டாரை நிறுத்தும்போதெல்லாம் தெருவில் போகிற ஆட்டோவும் நிற்கும். ஒருமுறை ஷேர் ஆட்டோ ஒன்று நின்று, அதிலிருந்து ஒரு பெண்மணி இறங்கி, கொஞ்ச தூரம் நடந்தும் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் இது தன் ஸ்டாப் இல்லை என்று அவருக்கு உறைத்தது.

வீட்டைச் சுற்றி அவருக்குத் தோட்டம். தோட்டம் என்றால் வரிசையும் பாத்தியுமாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தீபாவளிக்கு முந்தின நாள் டவுன் பஸ் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். இட்லிப்பூ மேல் சங்குப்பூ ஏறி, சங்குப்பூ மேல் காகிதப்பூ சாய்ந்து, ஒரு செடி இன்னொன்றின் மடியில் உட்கார்ந்திருக்கும். "நெருக்கமா நின்னாத்தான் பேசிக்கும்" என்பார். வருத்தம் என்னவென்றால், நன்றாகத்தான் வளர்ந்தன.

அவர் தோட்டத்துச் செடிகளுக்கு ஊர்ப் பெயர்தான். அடுக்குச் செம்பருத்திக்குக் குடுமியான்மலை. மஞ்சள் அரளிக்குக் கீரனூர். பவளமல்லிக்கு அன்னவாசல். "கீரனூரு வாடுது, தண்ணி விடணும்" என்று அவர் சொல்லி, வெளியூர்க்காரர் ஒருவர் மழை நிலவரம் பற்றிக் கவலையோடு விசாரித்ததை நானே கேட்டிருக்கிறேன். பஸ்ஸில் போன காலத்தில் எந்த ஊர் ஸ்டாப்பில் எந்தச் செடியிலிருந்து போத்து ஒடித்தாரோ, அந்த ஊர்தான் அந்தச் செடிக்குப் பெயர். போத்து என்றால் தெரியாதவர்களுக்கு: ஒடித்து மண்ணில் ஊன்றினால் தழைக்கிற கிளைத் துண்டு.

அந்தப் போத்து விஷயத்தில் கண்டக்டருக்கு ஒரு கொள்கை இருந்தது. கேட்டு வாங்கி வைத்த செடி பிழைக்காது, திருடி வைத்ததுதான் தழைக்கும் என்று நம் பக்கம் எல்லோரும் சொல்வதுதான். மற்றவர்கள் சொல்லிவிட்டு விட்டுவிடுவார்கள். இவர் கடைப்பிடித்தார். "கேட்டு வாங்குன செடி விருந்தாளி மாதிரி ஓரமா உக்காந்திருக்கும் தம்பி. திருடி வச்ச செடி வீட்டுக்காரன் மாதிரி காலை நீட்டும்" என்பது அவர் வாக்கு. ஆனால் திருடுகிற துணிச்சல் மனுஷனுக்குக் கிடையாது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார்.

குடுமியான்மலையில் பஸ் நிற்கும். இவர் இறங்கி ஒரு வீட்டு வேலியருகே போவார்.

"அம்மா, உங்க அடுக்குச் செம்பருத்தியில ஒரு போத்து வேணும்."

"அதுக்கென்ன, ஒடிச்சுக்கங்க."

"அய்யய்யோ, குடுத்துராதீங்க! நீங்க கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிக்கங்க. நான் திருடிக்கிறேன்."

அந்த அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்ப்பார். டிரைவர் ஹாரனை விட்டுக் கையை எடுப்பார். பஸ்ஸில் இருக்கிறவர்களும் ஒரு மரியாதைக்கு மறுபக்க ஜன்னலைப் பார்ப்பார்கள். ஊரே முதுகைக் காட்டிக்கொண்டிருக்க, நடுவில் ஒரு காக்கிச்சட்டை நிம்மதியாகத் திருடும்.

எங்கள் பகுதியில் செடி வளர்க்கிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நடத்துகிறவர் பேங்க் அம்மா. வங்கியில் வேலை பார்த்தவர். அவர் வீட்டுத் தொட்டிகள் கவுண்டரில் வரிசையில் நிற்கிற மாதிரி நிற்கும். பூச்சி வந்தால் வேப்பெண்ணெய், எறும்பு வந்தால் மஞ்சள்தூள் என்று எல்லோரும் எழுத்தில் யோசனை சொல்வார்கள். கண்டக்டருக்கு டைப் அடிக்க வராது. குரலில்தான் அனுப்புவார், அதுவும் ஓடுகிற பஸ்ஸில் கடைசி சீட்டுக்குக் கேட்க வேண்டிய குரலில். அவர் பெயரைப் பார்த்தாலே போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிப்போம்.

ஒருநாள் பேங்க் அம்மா, தன் அரளியைப் புழு தின்கிறது என்று படம் போட்டு, மருந்து கேட்டார். கண்டக்டரின் குரல் வந்தது.

"மருந்து அடிச்சுராதீங்கம்மா! அது பயணி. கொஞ்ச நாள்ல ரெக்க மொளச்சு டிரான்ஸ்பர் ஆயிரும்."

"என் அரளி மொட்டையாயிருச்சு கண்டக்டரே."

"சாமிக்கு முடி எறக்குனா மறுபடி மொளைக்கலையா? அது மாதிரிதான்."

பேங்க் அம்மா இரண்டு நாள் கண்டக்டரோடு பேசவில்லை. பிறகு ஒரு காலையில் குழுவில் ஒரு படம் போட்டார். அரளி இலைக்கு அடியில், பளபளவென்று வெள்ளி லோலாக்கு மாதிரி ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. புழு கூடாகியிருந்தது. கீழே ஒரே வரி: "நகைக்கடையில கூட இப்படிப் பாத்ததில்ல." அன்றிலிருந்து அந்த வீட்டு வேப்பெண்ணெய் பாட்டில் விளக்குக்குத்தான் போகிறது.

இதைப் படித்துவிட்டு அவர் சொன்னதெல்லாம் பலித்தது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். மீன் கழுவிய தண்ணீரை ரோஜாவுக்கு விட்டால் பூ பெரிதாகும் என்றார். விட்டோம். பூ வருவதற்குள் திருக்கோகர்ணத்துப் பூனைகள் அத்தனையும் வந்தன. போய்க் கேட்டால், "தோட்டத்துக்குச் சீவன் வேணும். வந்திருச்சுல்ல?" என்றார். குருவிக்கு மண்சட்டியில் தண்ணீர் வைக்கச் சொன்னார். குருவி வரவில்லை. காக்கை எங்கிருந்தோ கருவாட்டுத் தலையைக் கொண்டுவந்து அதில் ஊறப் போட்டுச் சாப்பிட்டது. அதற்கும் பதில் வைத்திருந்தார்: "பல்லு இல்லாத காக்கா, பாவம்." எந்தக் காக்கைக்குப் பல் இருக்கிறது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவர் சொல்கிற வேகம் அப்படி.

மயில் கதை இன்னும் மோசம். மயில் வந்தால் தெருவுக்கே அழகு என்று கம்பு இறைத்தார். மயில் வந்தது. கம்பைத் தின்றது, பேங்க் அம்மாவின் டேபிள் ரோஸைத் தின்றது, பிறகு என் ஸ்கூட்டர் கண்ணாடியில் தெரிந்த மயிலோடு சண்டை போட்டுக் கண்ணாடியை உடைத்தது. "வந்தவன் நல்லா இருக்கான். கண்ணாடிக்குள்ள இருந்தவன்தான் ரவுடி" என்றார் கண்டக்டர்.

எல்லாவற்றிலும் பெரிய கலகம் எருக்கஞ்செடியால் வந்தது. நம் ஊரில் "அவன் வீட்டுல எருக்கு மொளைக்க" என்பது ஆசீர்வாதம் இல்லை. இவரோ எருக்கைத் தொட்டியில் வைத்து, தண்ணீர் விட்டு, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் வரிசையாக அடுக்கினார். ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி எருக்கில்தான் முட்டை வைக்குமாம். என் மனைவி சரசு சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"அண்ணே, ஊருல எருக்கு மொளைச்சா பிடுங்கிப் போடுவாங்க. நீங்க உரம் போடுறீங்க!"

"பூச்சிக்கு அதுதான், தங்கச்சி, ஆஸ்பத்திரி. பிரசவத்துக்கு வருது. கதவச் சாத்தவா சொல்ற?"

சரசு அன்றிலிருந்து அந்தச் சந்துப் பக்கம் போவதையே விட்டாள். போனால் வாயில் முருகா முருகா என்று ஓடும்.

இவ்வளவு தொல்லையையும் நாங்கள் ஏன் பொறுத்துக்கொண்டோம் என்று கேட்கலாம். எங்கள் மகள் கயல்விழிதான் காரணம். பள்ளிக்கூடத்துக்கு அவள் அவருடைய டவுன் பஸ்ஸில்தான் போவாள். நேரத்துக்குக் கிளம்புகிற வழக்கம் எங்கள் வம்சத்தில் இல்லை. ஒரு கையில் ரிப்பன், ஒரு கையில் டிபன் பாக்ஸோடு அவள் தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் இவர் படியில் நின்றுகொண்டு விசிலை வாயில் வைக்க மாட்டார். உள்ளே இருக்கிறவர்கள் முணுமுணுத்தால், "கயலு வந்தாத்தான் ரைட்டு" என்பார். அப்படி நின்ற ஒருவர் எருக்கு வைத்தால் என்ன, முதலை வளர்த்தால் என்ன?

அந்தக் கயலுக்கு மாப்பிள்ளை பார்க்கிற காலம் வந்தது. பார்க்கிற வேலையையும் அவளே முடித்திருந்தாள். திருச்சியில் அவளோடு வேலை பார்க்கிற பையன். கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரித் தோப்புக்காரர்கள். எங்களுக்குச் சம்மதம். பையனின் அப்பாவுக்கும் சம்மதம். அம்மா மட்டும், "நான் வந்து வீட்டப் பாத்துட்டுத்தான் சொல்வேன்" என்று நிறுத்தி வைத்திருந்தார்.

"ரொம்ப சகுனம் பாப்பாங்களாம்ப்பா" என்றாள் கயல். "பூனை குறுக்க போனா பஸ்ஸ விட்டே எறங்கிருவாங்களாம். பையில பூ கொண்டாருவாங்களாம். பிடிச்சா அங்கேயே தலையில வச்சிருவாங்களாம்."

"பிடிக்கலைன்னா?"

"'கலந்து பேசிட்டுச் சொல்றோம்'பாங்களாம்."

அதைச் சொல்லும்போது அவள் குரல் பெண் குரலாக இல்லை, பள்ளிக்கூடத்துக்கு லேட்டான பிள்ளையின் குரலாக இருந்தது.

எங்கள் வீட்டு நிலைப்படிக்கு நேர் மேலே, வராந்தாவில் ஒரு பல்பு ஒயரில் தொங்கும். அவர்கள் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அந்த ஒயரில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. கட்டைவிரல் அளவுப் பறவை. கண்டக்டரின் குடுமியான்மலையில் தேன் குடித்துவிட்டு எங்கள் வாசலில் குடித்தனம். சருகு, நூலாம்படை, பஞ்சு எல்லாம் சேர்த்து ஒரு சின்னச் சுருக்குப்பை மாதிரி, நெட்டையான ஆள் நடந்தால் தலையில் இடிக்கிற உயரத்தில். கண்டக்டர் வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கூட்டின் பக்கவாட்டில், தெருவில் கிடந்த டவுன் பஸ் டிக்கெட்டின் கிழிசல் ஒன்றும் பின்னப்பட்டிருந்தது.

அவ்வளவுதான். அவர் கண் கலங்கிவிட்டது.

"டிக்கெட் எடுத்து ஏறியிருக்கு தம்பி! இனிமே குஞ்சு பறக்குற வரைக்கும் இந்த வாசல் பக்கம் ஒருத்தரும் வரப்படாது. முன் படிய அடைங்க. எல்லாரும் பின் படி."

கதவைச் சாத்தினோம். சந்து வழியாகச் சமையற்கட்டுக் கதவில் புழங்கினோம். பால்காரர், கேபிள்காரர் எல்லோரும் எருக்கு வரிசையைக் கடந்து வந்தார்கள். சரசு முருகாவோடு கூடவே பிள்ளையாரையும் சேர்த்துக்கொண்டாள். பெண் பார்க்க வருகிற நாள் முடிவானதும் அவள் பொறுமை தீர்ந்தது.

"சம்பந்தி மொத தடவ வாசல மிதிக்கிறாங்க. கொல்லை வழியா வாங்கன்னா சொல்றது? அதுவும் எருக்கங்காட்டுக்குள்ள! அந்தக் கூட்ட எடுத்து மரத்துல கட்டுங்க."

"எடுத்து மாத்துனா தாய் திரும்ப வராதாம்" என்றேன்.

"வராட்டி போகுது. எம்பொண்ணுக்கு சம்பந்தி வரணும்."

அவளும் தாய்தானே.

முந்தின நாள் சாயங்காலம் கண்டக்டரே ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். விசிலும் இல்லை, அதட்டலும் இல்லை. "தங்கச்சி சொல்றது நியாயந்தான். கயலு விஷயம். நானே மாத்திடுறேன்" என்று ஸ்டூல் மேல் ஏறினார். ஒயருக்குக் கையைக் கொண்டுபோகவும், தேன்சிட்டு எங்கிருந்தோ பறந்து வந்து அவர் விரலுக்குப் பக்கத்தில் கூட்டுக்குள் நுழைந்தது. உள்ளே திரும்பி உட்கார்ந்து, வளைந்த மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு அவரையே பார்த்தது. இவர் கையைத் தூக்கியபடி அப்படியே நின்றார். பிறகு மெதுவாக இறங்கினார்.

"உக்காந்திருச்சு தங்கச்சி. டிக்கெட் எடுத்த ஆள நடுவழியில எறக்கிவிட்டு எனக்குப் பழக்கம் இல்ல. நீங்க எடுக்கணும்னா எடுத்துக்கங்க. தப்புச் சொல்ல மாட்டேன். நான் வீட்டுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிறேன்."

யாரும் ஸ்டூலைத் தொடவில்லை. கயல்தான் வந்து அதை எடுத்து உள்ளே வைத்தாள்.

"அவங்க பின்னாடி வழியாவே வரட்டும்ப்பா."

"அடியே, வாரது யாருன்னு தெரியும்ல?" என்றாள் சரசு.

"தெரியும்மா. எனக்காக மாமா எத்தன நாளு பஸ்ஸ நிறுத்தி வச்சிருந்தாரு? இந்தக் குருவிக்காக ஒருநாளு நான் நின்னா என்ன?"

சரசு உள்ளே போய் கேசரிக்கு ரவையை வறுத்தாள். வறுத்த சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

மறுநாள் வேன் வந்தது. நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே வருவதற்குள் கண்டக்டர் கேட்டில் நின்றார். பழைய காக்கிச்சட்டை, இஸ்திரி போட்டது. ஒரு விசில். வேன் நின்றது. கதவு திறந்து ஆட்கள் இறங்கினார்கள்.

"வாங்க வாங்க. முன் படி வேணாம், எல்லாரும் பின் படியில ஏறிக்கங்க. அப்படியே உள்ள போங்க, உள்ள போங்க, சந்துல நிக்காதீங்க."

நம் மக்களின் குணம் எனக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது. மாப்பிள்ளையின் அப்பா, சித்தப்பா, ஒன்றுவிட்ட மாமா எல்லோரும் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் வரிசையாகச் சந்துக்குள் நுழைந்தார்கள். காக்கிச்சட்டை சொன்னால் நகர்வது நமக்கு ரத்தத்தில் இருக்கிறது. சித்தப்பாவின் கை சட்டைப் பைக்குச் சில்லறை எடுக்கவே போனது.

நகராமல் நின்றவர் மாப்பிள்ளையின் அம்மா. கையில் மஞ்சள் பை. அதற்குள் பூ.

"பொம்பளைங்க முன்னாடிதான்யா ஏறுவோம்?"

"என்னைக்கும் அப்படித்தாம்மா. இன்னைக்கு முன்னாடி ஒரு கர்ப்பிணி உக்காந்திருக்கு. எழுப்ப மனசு வரல."

அவர் எட்டி வராந்தாவைப் பார்த்தார். கூட்டிலிருந்து வளைந்த மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. "ம்" என்றார். அந்த 'ம்' எந்தப் பக்கம் சேர்த்தி என்று எனக்கு விளங்கவில்லை. சந்துக்குள் நடந்தார்.

அப்போது மதிலிலிருந்து ஒரு பூனை குதித்தது. எல்லாம் அந்த மீன் தண்ணீர் காலத்துப் பூனைதான். சம்பந்தியம்மாவின் பாதையில் குறுக்கே போக ஒரு காலை எடுத்தது. என் மூச்சு நின்றது. பின்னாலிருந்து ஒரு விசில் வந்தது. பூனையும் நின்றது. எடுத்த காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு, அவர் கடந்து போகிற வரைக்கும் காத்திருந்தது. மோட்டார் விசிலை ஆட்டோ மட்டும் படித்திருக்கவில்லை.

அடுத்து எருக்கு வரிசை. அங்கேதான் நான் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். ஆனால் காலையிலேயே கண்டக்டர் முந்திவிட்டார். வரிசையின் நடுவில் ஒரு செங்கல். செங்கல் மேல் களிமண் பிள்ளையார். பிள்ளையார் கழுத்தில் எருக்கமாலை. நேற்று வரைக்கும் குடிகெடுத்த செடியெல்லாம் இன்றைக்கு நந்தவனம். சம்பந்தியம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையில் குட்டிக்கொண்டார். பிறகு பூவைக் குனிந்து பார்த்தார்.

"பிள்ளையாருக்கு வெள்ளெருக்குதானே? இது ஊதாவா இருக்கே?"

"பிள்ளையாரு கலரு பாக்க மாட்டாரும்மா. டிக்கெட் இருந்தாப் போதும்" என்றார் கண்டக்டர்.

உள்ளே எல்லாம் முறைப்படி நடந்தது. கேசரி, பஜ்ஜி, காபி. கயல் வந்து கும்பிட்டாள். சம்பந்தியம்மா அவளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி வேலையைப் பற்றிக் கேட்டார், சமையலைப் பற்றிக் கேட்கவில்லை. அது எனக்குப் பிடித்தது. ஆனால் எல்லோர் கண்ணும் அந்த மஞ்சள் பையின் மேல். அது அவர் மடியில் சுருண்டு உட்கார்ந்திருந்தது, அவிழவே இல்லை. காபி தம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

"சரிங்க. நாங்க கலந்து பேசிட்டுச் சொல்றோம்."

சரசுவின் முகம் ஆறிப்போன பஜ்ஜி மாதிரி ஆனது. பையன் தரையைப் பார்த்தான். கயல் மட்டும் முகத்தில் ஒன்றையும் காட்டாமல், வழியனுப்ப எங்களோடு கூடவே வந்தாள்.

சந்தில் கண்டக்டர் நின்றுகொண்டிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. விசிலைத் தொடவில்லை. சம்பந்தியம்மா அவருடைய அடுக்குச் செம்பருத்தி முன்னால் நின்றார்.

"நல்ல அடுக்கு. இதுல ஒரு போத்து கிடைக்குமா?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பெண்ணுக்குப் பதில் இல்லை, போத்து கேட்கிறார். கண்டக்டரோ, அந்த நேரத்திலும் கொள்கையை விடவில்லை.

"கேட்டு வாங்குனா தழைக்காதும்மா. நாங்க அங்கிட்டுத் திரும்பிக்கிறோம், நீங்க திருடிக்கங்க. எல்லாரும் திரும்புங்கப்பா. ரைட் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் இங்கிட்டுப் பாக்கப்படாது."

திரும்பினோம். நான், சரசு, மாப்பிள்ளையின் அப்பா, சித்தப்பா, ஒன்றுவிட்ட மாமா, பையன், கேட்டில் நின்ற வேன் டிரைவர், எல்லோரும் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். என் மூக்குக்கு நேரே மதிலில் ஒரு எறும்பு போய்க்கொண்டிருந்தது. பின்னால் 'சடக்'கென்று கிளை ஒடிந்தது. அதற்குப் பிறகும் ரைட் வரவில்லை. பை அவிழ்கிற சரசரப்பு. ஒரு வளையல் சத்தம். சரசு என் கையைப் பிடித்தாள்.

"ரைட்டு!" என்றார் சம்பந்தியம்மா.

திரும்பினோம். அவர் கையில் செம்பருத்திப் போத்து இருந்தது. மஞ்சள் பை காலியாக இருந்தது. கயல் தலையில் மல்லிகைப்பூ, தோள் வரைக்கும்.

"கேட்டு வாங்குனா தழைக்காதுன்னாருல்ல. அதான், நானும் கேக்கல."

சரசு அழுதுவிட்டாள். நான் அழவில்லை, எறும்பைத் தேடுகிற மாதிரி மதில் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அப்புறம் ஏன் சம்பந்தி, கலந்து பேசிட்டுன்னு..." என்று சரசு மூக்கை உறிஞ்சினாள்.

"அது ஒரு மொறைக்குச் சொல்றது. ஒடனே சரின்னா நம்ம மதிப்பு என்னாகுறது? வாசல்ல உக்காந்த கர்ப்பிணிய எழுப்பிவிடாத வீடு. அதுக்கு மேல என்னத்தக் கலந்து பேசுறது?"

கண்டக்டர் அவசரமாகக் குனிந்து குடுமியான்மலைக்குத் தண்ணீர் விட்டார். வாளியில் தண்ணீர் இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

கல்யாணம் நடந்தது. போத்தும் கந்தர்வக்கோட்டையில் பிழைத்துப் பூத்தது. அங்கே அதன் பெயர் திருக்கோகர்ணமாம். எங்கள் வராந்தா பல்பை அதற்குப் பிறகு நாங்கள் போடவே இல்லை, கண்டக்டர் விடவில்லை. பொழுது சாய்ந்தால் செருப்பைக் காலால் தடவித்தான் கண்டுபிடிக்கிறோம். அடுத்த பங்குனியில் தேன்சிட்டு அதே ஒயருக்கு வந்தது. மறுபடியும் முன் கதவைச் சாத்தி, மறுபடியும் எருக்கு வரிசைக்குள் நடந்தோம். சரசு இப்போதெல்லாம் அந்தப் பிள்ளையாருக்கு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிறாள்.

அந்தச் சமயத்தில்தான் கயலுக்கு வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வந்தோம். காரிலிருந்து இறங்கியதும் பழக்கத்தில் எல்லோரும் சந்துப் பக்கம் திரும்பினோம். கண்டக்டர் கேட்டில் குறுக்கே கையை நீட்டினார்.

"அங்கிட்டு எங்க போறீங்க?"

"பின் படிக்குத்தாண்ணே."

"அது மத்தவங்களுக்கு. ஆத்தா கயலு, நீ முன்னாடி ஏறு. அது கர்ப்பிணி சீட்டு."

"மாமா, நான் போனா அது பறந்துராதா?"

"அதுக்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். தள்ளி உக்காந்துக்கும்."

கயல் ஒரு கை வளையலை மறு கையால் சத்தம் வராமல் பொத்திக்கொண்டு, கூட்டுக்கு அடியில் தலையைக் குனிந்து, மெதுவாக நிலைப்படியைத் தாண்டினாள். கூட்டின் வாயிலில் வளைந்த மூக்கு அசையவில்லை.

கண்டக்டரின் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது. விசிலைத் தொட்டுவிட்டு, எடுக்காமல் திரும்பியது. தெருவில் போகிற ஆட்டோவையும் பூனையையும் நிறுத்துகிற அந்த மனிதர், இலையில் இலை உரசுகிற சத்தத்தில், எனக்கே சரியாகக் கேட்காதபடி சொன்னார்:

"ரைட்டு."